மரப்பலகையில் எலும்புக்கூடு: சிறு இயந்திரத் தொழில் பற்றிய ஓர் அனுபவப் பாடம்

காயல்பட்டினத்தை அடுத்துள்ள ஊராட்சி ஒன்றில் நடைபெற்ற கூட்டத்தில், முதிய உறுப்பினர் ஒருவர் எழுந்து என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். “அதிகாரி ஐயா, வாழையும் நெல்லும் முருங்கையும் விளைகிற பூமி இது. இங்கே நம்ம பிள்ளைகள் பாங்கியில் கடன் வாங்கி, என்றோ செத்துப்போன மிருகத்தின் எலும்பைப் பலகையில் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கும் கிராம அபிவிருத்திக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். ஆயினும் அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஏனெனில், அந்தக் கடனுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவன் நானே. அந்த வாரந்தான் அவ்விளைஞர்களின் முதல் உற்பத்தி முழுவதும் பயனற்றுப் போயிருந்தது. அது இன்னும் அவருக்குத் தெரியாது.

அப்பெரியவருக்குச் சொல்ல வேண்டியிருந்ததை இங்கே எழுதுகின்றேன். இத்தகைய சிறு இயந்திரங்களை வாங்க விரும்பும் இளைஞர்கள் இன்று பல ஊராட்சிகளிலும் இருக்கின்றனர். அவர்கள் உறுப்பினர்களிடம் வந்து ஆலோசனை கேட்கும்போது, இயந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே ஏமாற்றும், எவ்வளவு சம்பாதித்துத் தரும் என்பவற்றை உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நன்று.

இயந்திரம் யாது?

சி.என்.சி. ரௌட்டர் என்பது அதன் பெயர். சுழலும் சிறு வெட்டுக்கருவி ஒன்றைக் கணிப்பொறி தரும் எண்களின்படி நகர்த்தி, பலகையில் வேண்டிய வடிவத்தை வெட்டி எடுக்கும் இயந்திரம் அது. கருவி இடமும் வலமும் நகரும். முன்னும் பின்னும் நகரும். மேலும் கீழும் நகரும். இம்மூன்று அசைவுகளே அதன் வித்தை முழுவதும். இவ்வகையில் முதல் இயந்திரம் 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. விமான உறுப்புகளைச் செதுக்குவதற்காக அமைக்கப்பட்ட அப்பெரும் பொறிக்குத் துளையிட்ட காகித நாடாவே கட்டளை ஏடாக இருந்தது. 2005ஆம் ஆண்டில் இத்தாலியில் தோன்றிய அர்டுயினோ என்னும் மலிவான மின்னணுப் பலகையும், அதில் ஓடுமாறு சில ஆண்டுகளில் எழுதப்பட்டு எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளுமாறு விடப்பட்ட ஜிஆர்பிஎல் என்னும் நிரலும் சேர்ந்து, அந்த வித்தையை ஒரு சாப்பாட்டு மேசையின் மீது கொண்டு வந்துவிட்டன. 300 மில்லிமீட்டர் நீளமும் 180 மில்லிமீட்டர் அகலமும் உள்ள வேலைப்பரப்பைக் கொண்ட சிறு இயந்திரம் இன்று 20,000 ரூபாய் அளவிலேயே கிடைக்கிறது.

விவசாயப் பெருமக்களுக்கு இதன் போக்கை விளக்குவது எளிது. ஏர் உழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கருவியே கொழு. வரப்பை ஒட்டி உழுகின்றவன் ஏரை வரப்பின்மேலே ஓட்டுவதில்லை. கொழுவின் அகலத்தைக் கணக்கிட்டுச் சற்று விலகியே ஓட்டுகின்றான். அவ்வாறே கருவியும் வரைந்த கோட்டின்மேல் செல்லாமல், தன் பருமனில் பாதி அளவு விலகிச் செல்ல வேண்டும். புதுநிலத்தை ஒரே உழவில் முழு ஆழத்துக்கும் உழுபவர் இல்லை. இயந்திரமும் அப்படியே. 4 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையை ஒவ்வொரு மில்லிமீட்டராக நான்கு சுற்றில் வெட்டவேண்டும். அவசரப்பட்டு ஒரே சுற்றில் இறக்கினால் கருவி முறியும்.

பொம்மை யாது?

எலும்புக்கூட்டுப் பொருத்துப் பொம்மை என்பது பசையோ ஆணியோ இன்றி, பலகைத் துண்டுகளை ஒன்றோடொன்று செருகி நிறுத்தும் விளையாட்டுப் பொருள். முதுகெலும்பு நீண்ட ஒரே துண்டு. அதன் விளிம்பில் வரிசையாகக் காடிகள் வெட்டப்பட்டிருக்கும். விலா எலும்பாகிய வளைந்த துண்டுகளிலும் காடிகள் இருக்கும். காடியைக் காடியில் செருகினால் இரண்டும் குறுக்காக நின்று பிடித்துக்கொள்ளும். கால்கள், இடுப்பு, தலை ஆகிய யாவும் அவ்வாறே.

இதனைப் புதுமை என்று கருத வேண்டுவதில்லை. தூத்துக்குடியில் தோணி கட்டுமிடத்தைக் கண்டவர்கள் இதன் பெரிய வடிவத்தைக் கண்டவர்களே. ஏரா என்னும் அடிமரம் நீளவாக்கில் கிடக்கும். அதிலிருந்து வங்குகள் விலா எலும்புகளைப் போல இருபுறமும் எழுந்து நிற்கும். பலகை அறையாத தோணி கரையில் கிடக்கும்போது, பெரும் பிராணி ஒன்றின் எலும்புக்கூடு மல்லாந்து கிடப்பது போலவே தோன்றும். நம் கரையோரத் தச்சர்களுக்குப் பரம்பரையாக வந்த அறிவு இது. ஐந்து இளைஞர்களில் ஒருவர் தச்சர் குடும்பத்தவர். இயந்திரத்தைப் பார்த்து மற்றவர்கள் திகைத்தபோதும் பொம்மையின் அமைப்பைப் பார்த்து அவர் திகைக்கவில்லை.

முதல் உற்பத்தி கெட்ட கதை

இளைஞர்கள் 3 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை வாங்கினர். இயந்திரத்தோடு வந்த வெட்டுக்கருவிகள் எட்டில் ஓர் அங்குலப் பருமன் உள்ளவை, அதாவது 3.175 மில்லிமீட்டர். எனவே 3 மில்லிமீட்டர் அகலமுள்ள காடியை அக்கருவியால் வெட்டவே இயலாது. காடியைவிடக் கருவி பெரிது! நிரல் இதனை உணர்ந்து அக்காடிகளை வெட்டாமல் தாண்டிச் சென்றது. இளைஞர்களோ நிரலில் ஏதோ கோளாறு என்று எண்ணி, கருவியைக் காடியின் நடுக்கோட்டிலேயே ஒருமுறை ஓட்டச் செய்தனர். காடி 3.2 மில்லிமீட்டர் அகலத்தில் அமைந்தது. இது சிறு பிழை என்று தோன்றும். ஆனால் 3 மில்லிமீட்டர் என்று விற்கப்பட்ட பலகையை நாங்கள் பிறகு அளந்தபோது 2.7 மில்லிமீட்டரே இருந்தது. ஆக ஒவ்வொரு காடியிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு பொருத்தில் அரை மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. இருபது பொருத்துகளில் அது சேர்ந்து, பிராணி குடித்தவனைப் போல் ஒருபக்கம் சாய்ந்து விழுந்தது.

ஒரு பள்ளி விழாவுக்காக 40 பெட்டிகள் செய்திருந்தனர். அவை யாவும் திரும்பி வந்தன. பசை இட்டுப் பார்த்தனர். இடைவெளியில் பசை நிற்கவில்லை. பலகை, வண்ணம், பெட்டி, மூன்று வார உழைப்பு ஆகிய யாவும் வீண். அதே மாதத்தில் கடனின் முதல் தவணையும் வந்து நின்றது. இதில் பலகை விற்ற கடைக்காரரைக் குறை கூறுவதில் பொருளில்லை. மெல்லிய பிளைவுட்டில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு சாதாரணம்; வீட்டு அலமாரிக்கு அது ஒரு பொருட்டும் அன்று. திட்ட அறிக்கையைப் படித்த நான், இயந்திரத்தின் விலை, வட்டி, தவணை ஆகிய எல்லாவற்றையும் கேட்டேன். கருவியின் பருமன் என்ன, பலகையின் கனம் என்ன என்று கேட்கவில்லை. இரண்டு எண்களை அருகருகே எழுதிப் பார்த்திருந்தால் கையெழுத்திடும் முன்பே பிழை வெளிப்பட்டிருக்கும்.

செய்முறை

பின்னர் நாங்கள் கற்றுக்கொண்ட முறையை இனிக் கூறுகின்றேன்.

முதலாவது, பலகையின் கனத்தை வெர்னியர் அளவுகோலால் அளக்கவேண்டும். கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்பலாகாது. ஒரே பலகையில் நான்கு மூலைகளிலும் நடுவிலும் அளந்து எழுதிவைக்க வேண்டும். நாங்கள் 4 மில்லிமீட்டர் பலகைக்கு மாறினோம். அது உண்மையில் 3.8 முதல் 4.1 வரை இருக்கிறது. எவ்வாறாயினும் 3.175 மில்லிமீட்டர் கருவி அக்காடிக்குள் தாராளமாக நுழையும். மெல்லிய பலகைதான் வேண்டும் என்றால் 2 மில்லிமீட்டர் கருவியைத் தனியே வாங்கவேண்டும். ஆனால் அது எளிதில் முறியும், கற்றுக்கொள்பவர்களுக்கு ஏற்றதன்று.

இரண்டாவது, சீப்புச் சோதனை. கையகலத் துண்டுப் பலகையில் சீப்பின் பற்களைப் போலப் பத்துக் காடிகள் வெட்டவேண்டும். முதலாவது 3.6 மில்லிமீட்டர், அடுத்தது 3.7, அதற்கடுத்தது 3.8 என அகலம் ஏறிக்கொண்டே போகட்டும். ஒவ்வொன்றின் அருகிலும் அதன் எண்ணை எழுதி, அதே பலகையின் துண்டு ஒன்றைச் செருகிப் பார்க்கவேண்டும். விரலால் அழுத்தினால் நுழைந்து, தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாத காடி எதுவோ அதுவே சரியான அளவு. பெரும்பாலும் பலகையின் கனத்தைவிட 0.1 மில்லிமீட்டர் மிகுதியாக அது அமைகிறது. புதிய பலகை வந்த ஒவ்வொரு முறையும் இச்சோதனையைச் செய்யவேண்டும். ஐந்து நிமிட வேலை. 40 பெட்டிகள் கெட்டபின் இதனைச் செய்யச் சொல்லி எவரையும் நான் வற்புறுத்த நேரவில்லை.

நம் கரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. கடற்காற்றின் ஈரத்தில் பலகை ஊதும். வடகிழக்குப் பருவ மழையில் இறுகிச் செருகும் துண்டு, சித்திரை வெயிலில் தளர்ந்துவிடும். ஆகவே பலகையைத் தரையில் அடுக்காமல் சட்டத்தின்மேல் படுக்கவைத்து மூடிவைக்க வேண்டும். வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே பட்டறைக்குள் கொண்டுவர வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவு, ஆனால் ஈரம் பட்டால் விளிம்பு பெருத்துவிடும், வெட்டும்போது எழும் தூளும் மிக நுண்ணியது. முழுமரப் பலகையோ நார் ஓடும் திசையில் பிளக்கும். விலா எலும்பு போன்ற மெல்லிய வளைவுகள் குழந்தையின் கையில் முறியும். பிளைவுட்டில் நார்கள் அடுக்குக்கு அடுக்குக் குறுக்காக ஓடுவதால் எப்பக்கமும் வலு இருக்கும்.

மூன்றாவதாகக் கூறவேண்டியது மூலை. வயலை ஏரால் உழுதபின் நான்கு மூலைகளிலும் கொழு எட்டாத மண் நின்றுவிடுகிறது. அதை மண்வெட்டியால் கொத்துகின்றோம் அல்லவா? வெட்டுக்கருவி உருண்டையானது. எனவே காடியின் உள்மூலைகளில் அது வளைவான மிச்சத்தை விட்டுச்செல்லும். எதிர்த்துண்டின் மூலையோ கூர்மையானது. இரண்டும் மோதி, துண்டு முழுவதும் உள்ளே இறங்காமல் ஒரு மில்லிமீட்டர் தூக்கியே நிற்கும். இதற்குப் பரிகாரம், வரைபடத்திலேயே ஒவ்வோர் உள்மூலையிலும் சற்று வெளியே தள்ளிச் சிறு வட்டக் கடி ஒன்றைச் சேர்ப்பது. அப்போது காடியின் அடிப்பகுதி இருபுறமும் முண்டு விட்ட எலும்பைப் போலத் தோன்றும். மேல்நாட்டார் இதற்கு நாய் எலும்பு என்றே பெயரிட்டிருக்கின்றனர். டைனோசர் நிற்பதற்கு நாய் எலும்பு வேண்டியிருக்கிறது என்று எங்கள் இளைஞர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஏனையவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். காடிகளை முதலிலும் துண்டின் வெளிவிளிம்பைக் கடைசியிலும் வெட்டவேண்டும். மாறிச் செய்தால் விடுபட்ட துண்டு அசைந்து காடி கோணும். வெளிவிளிம்பிலும் இரண்டு மூன்று இடங்களில் சிறு பாலங்களை விட்டுவைத்துப் பிறகு கத்தியால் அறுத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வேலைப்பலகைக்கு அடியில் பழைய பலகை ஒன்றைப் போடாவிட்டால் இயந்திரத்தின் மேசையே வெட்டுப்படும். மின்சாரம் நின்றால் கருவி தான் நின்ற இடத்தை மறந்துவிடும். ஆகவே மேசையின் ஒரு மூலையில் இரும்புச் சட்டம் அறைந்து, எண்ணிக்கை தொடங்கும் புள்ளியை அங்கே நிலையாக வைத்துக்கொள்வது நல்லது. கணிப்பொறிக்கும் இயந்திரத்துக்கும் சேர்த்து ஒரு சிறு யு.பி.எஸ். வைத்தால் இன்னும் நல்லது.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை. இயந்திரம் சிறியதாக இருப்பதே அதன் அபாயம். தையல் இயந்திரத்தைப் போல் எண்ணி அருகிலேயே உட்கார்ந்துவிடுகின்றனர். கண்ணாடி அணியாமல் நிற்கலாகாது. கையுறை அணியக்கூடாது, சுழலும் கருவி உறையைப் பற்றிக் கையையும் இழுத்துக்கொள்ளும். தொங்கும் துப்பட்டாவும் அவிழ்ந்த கூந்தலும் அருகில் வரலாகாது. மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 1995ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியிருக்கிறது. தூளை உறிஞ்சும் குழாயும் முகக்கவசமும் இல்லாத பட்டறைக்கு ஊராட்சிக் கட்டிடத்தில் இடம் அளிக்கக் கூடாது என்பது என் கருத்து.

வரவும் செலவும்

ஒரு பொம்மைக்கு 24 துண்டுகள் என்றும், ஒரு துண்டின் சுற்றளவு சராசரி 250 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். வெட்டவேண்டிய நீளம் 6 மீட்டர். நான்கு சுற்றில் 24 மீட்டர். நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் 40 நிமிடம். பலகை மாற்றுவதற்கும் கருவி ஏறி இறங்குவதற்கும் சேர்த்து ஒரு மணி நேரம் என்று கொண்டால், நாளொன்றுக்கு 8 பெட்டிகள். 8 அடிக்கு 4 அடி பலகையில் 300க்கு 200 மில்லிமீட்டர் துண்டுகள் 48 கிடைக்கும். பெட்டிக்கு இரண்டு துண்டு வீதம் 24 பெட்டிகள் ஆகும். பலகை 1,200 ரூபாய் என்றால் பெட்டிக்கு 50 ரூபாய். அட்டைப்பெட்டி, உப்புத்தாள், தேய்ந்த கருவி, மின்சாரம் யாவும் சேர்த்து இன்னும் 40 ரூபாய். 250 ரூபாய்க்கு விற்றால் பெட்டிக்கு 160 ரூபாய் நிற்கும். நாளுக்கு 1,280 ரூபாய்.

எட்டும் விற்கின்ற நாளில்கூட, ஐவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 256 ரூபாய்தான். தவணை இன்னும் கழிக்கவில்லை. எனவே இது ஐவரின் முழுநேரப் பிழைப்பாகாது என்பதை ஒளிக்காமல் கூறிவிட வேண்டும். ஒருவர் அல்லது இருவரின் தொழிலாகவோ, வேறு தொழிலோடு சேர்ந்த துணைத்தொழிலாகவோ இருக்கலாம். எங்கள் குழுவிலும் இப்போது இருவரே பட்டறையில் இருக்கின்றனர். மற்ற மூவரும் தத்தம் வேலைக்குச் சென்று, மாலையில் வந்து துண்டுகளைத் தேய்த்துக் கொடுக்கின்றனர்.

கடைத்தெருவில் போட்டியும் கடுமையானது. பெரிய ஆலைகள் அச்சு வைத்தும் லேசர்க் கதிரைக் கொண்டும் ஒரு மணி நேரத்தில் வெட்டிக் குவிப்பதை இச்சிறு இயந்திரம் ஒரு மாதத்திலும் வெட்டாது. வெளிநாட்டுப் பொம்மைகளின்மீதான இறக்குமதி வரி 2020ஆம் ஆண்டில் நூற்றுக்கு 20லிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் உயர்த்தப்பட்டது உண்மையே. ஆயினும் கடையில் தொங்கும் அதே டைனோசரை நாமும் செய்து விலையில் வெல்லலாம் என்பது வீண் ஆசை.

இங்கேதான் அம்பாசமுத்திரத்தை நினைக்க வேண்டும். தாமிரபரணியின் மேல்கரையில் உள்ள அவ்வூரின் மரச்சொப்புச் சாமான்களைக் கொண்டு விளையாடாத பெண்குழந்தைகள் ஒரு காலத்தில் இப்பக்கத்தில் இல்லை எனலாம். அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை, குடம் ஆகிய எல்லாவற்றையும் விரலளவில் கடைந்து, சுழலும்போதே அரக்குச் சாயத்தை அழுத்தி ஏற்றுவர். முன்னாளில் மஞ்சள் கடம்ப மரத்தில் கடைந்தனர். பிற்காலத்தில் வேறு மரங்களுக்கு மாறினர். கையால் சுற்றிய கடைசல் பட்டறைக்கு மின்மோட்டார் வந்தது. மரமும் பட்டறையும் மாறியும் தொழில் பிழைத்திருப்பதற்குக் காரணம், நம் வீட்டு அடுக்களையை அக்கைவினைஞர்கள் செய்வதே. அந்த ஆட்டுக்கல்லை வெளிநாட்டு ஆலை எதுவும் செய்ய நினைக்கவில்லை.

எந்த எலும்புக்கூடு?

அப்படியானால் நம் இளைஞர்களும் நம்முடையதைச் செய்யவேண்டும். நமக்கு ஏது டைனோசர் என்று கேட்பீர்கள். இருக்கிறது. கோதாவரிப் பள்ளத்தாக்கில் 1960ஆம் ஆண்டையொட்டித் தோண்டி எடுக்கப்பட்டு, 1975இல் பாராபாசாரஸ் தாகோரை எனப் பெயர் பெற்ற பிராணியின் எலும்புக்கூடு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் காட்சிக்கூடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. பெருங்கால் பல்லி என்பது முதற்பெயரின் பொருள். இரண்டாம் பெயர் கவி தாகூரின் நினைவாக வைக்கப்பட்டது. நீளம் சுமார் 18 மீட்டர். தொடை எலும்பு மட்டும் 1.7 மீட்டர். அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் பொம்மை 30 சென்டிமீட்டர். தொடை எலும்பு 28 மில்லிமீட்டர். இயந்திரப் பரப்பில் கோணவாட்டில் 35 சென்டிமீட்டர் கிடைப்பதால், முதுகெலும்பை ஒரே துண்டாகவே வெட்டிவிடலாம். அதன் மண்டையோடு கிடைக்கவில்லை, பற்களே கிடைத்தன. ஆகவே தலை மட்டும் ஊகம் என்று பெட்டியின்மேல் அச்சிட வேண்டும். பள்ளிப்பிள்ளைகளுக்கு அதுவும் பாடமே.

தமிழ்நாட்டிலேயே அரியலூர்ப் பகுதியில் கல்லமேடு என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் 1980களின் இறுதியில் பிருகத்காயோசாரஸ் என்று ஒரு பிராணிக்குப் பெயரிட்டனர். பேருடல் கொண்டது என்று பொருள். உலகில் நடமாடிய மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்றும், அவ்வாறு கூற ஆதாரம் போதாது என்றும் அறிஞர்கள் வாதிடுகின்றனர். வாதம் தீராமைக்குக் காரணம், அந்த எலும்புகள் பொடிந்து அழிந்துவிட்டன. வரைபடங்களும் எழுதிவைத்த அளவுகளும் மிஞ்சின. அதனைப் பொம்மையாக்க இளைஞர்கள் மிகவும் விரும்பினர். நான் தடுத்தேன். சில எலும்புகளின் அளவை வைத்து முழு உடலையும் கற்பித்துப் பள்ளிக்கு விற்பது முறையன்று.

டைனோசரை விட நமக்கு இன்னும் நெருங்கியது ஒன்று உண்டு. 1973ஆம் ஆண்டு ஜனவரியில் நம் கடற்கரையில் 147 திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. 2016ஆம் ஆண்டு அதே ஜனவரியில் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கரையில் 80க்கும் மேற்பட்டவை ஒதுங்கின. குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கிலம் என்பது அவற்றின் இனம். மீனவர்கள் இரவெல்லாம் கயிறு கட்டி இழுத்து ஆழக்கடலில் விட்டும், மீண்டும் கரைக்கே வந்த காட்சியை இப்பகுதியில் மறந்தவர் இலர். அந்த உடல் உள்ளே எவ்வாறு இருக்கும் என்று அன்று கேட்ட பிள்ளைகள் பலர். உண்மை எலும்பை எடுத்து வைத்துக் காட்ட இயலாது. திமிங்கிலம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதியின்றி அதன் எலும்பை வைத்திருப்பதே குற்றம். பலகையில் செய்து காட்டலாம். 5 மீட்டர் உடல் இருபதில் ஒரு பங்கில் 25 சென்டிமீட்டர். துடுப்பின் உள்ளே நம் கையைப் போலவே ஐந்து விரலெலும்புகள் இருப்பதைப் பிள்ளைகள் தம் கையாலேயே கோத்துப் பார்க்கலாம்.

சட்டத்தைப் பற்றி உறுப்பினர்கள் அறியவேண்டியது ஒன்றும் உண்டு. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகள் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரை இன்றி விற்கப்படலாகாது என்பது 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. கணிப்பொறி வெட்டியதும் கைவினையாகுமா என்பது எளிதில் சொல்லக்கூடிய விஷயமன்று. ஆகவே இயந்திரம் வாங்குமுன் மாவட்டத் தொழில் மையத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு விடை பெறவேண்டும். எங்கள் குழு வாங்கியபின் கேட்டது. அதனால் நான்கு மாதம் வெளியில் விற்காமல் காத்திருக்க நேர்ந்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதனை எக்காரணம் கொண்டும் தரலாகாது. சிறு துண்டுகள் தொண்டையில் சிக்கும். அங்கன்வாடிக்கு வாங்கலாமா என்று கேட்ட ஊராட்சித் தலைவர்களிடம் வேண்டாம் என்றே கூறியிருக்கின்றேன். நடுநிலைப்பள்ளிக்கும் ஊர் நூலகத்துக்கும் ஏற்றது.

நிற்க. கூட்டத்தில் கேள்வி கேட்ட பெரியவர் சென்ற மாதம் பட்டறைக்கு வந்தார். திமிங்கிலத்தின் மாதிரி அன்றுதான் முதன்முதலாக வெட்டி முடிக்கப்பட்டிருந்தது. நாற்காலியில் அமர்ந்து, விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தாமே செருகினார். பதினொன்றாவது துண்டு இறுகிற்று. “இது இறங்கவில்லையே” என்றார். தச்சர் வீட்டு இளைஞர் அதை வாங்கி, மூலையில் கடி விடுபட்டிருப்பதைக் கண்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டார். 1973இல் சிறுவனாக இருந்தபோது தம் தகப்பனாரின் தோளில் அமர்ந்து அந்த உடல்களைக் கண்டதாகப் பெரியவர் கூறினார். எல்லாவற்றையும் கோத்து முடித்து, பொம்மையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, தம்பி. பின்னங்கால் எங்கே?” என்று கேட்டார்.

திமிங்கிலத்துக்குப் பின்னங்கால் இல்லை. இருந்ததன் அடையாளமாக, முதுகெலும்போடு சேராமல் தசைக்குள் மிதக்கும் இரண்டு சிறு எலும்புகள் மட்டும் உண்டு. முதுகெலும்பைத் தொடாத துண்டைக் காடியில் செருக வழியில்லை. நூலில் கட்டித் தொங்கவிடலாமா, அல்லது அடிப்பலகையிலிருந்து மெல்லிய குச்சியால் தாங்கலாமா என்று இளைஞர்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.